1908 நெல்லை எழுச்சியை ஊர்க்காரர்களோடு சேர்ந்து வில்லுப்பாட்டாக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் சுதந்திரப் போராட்டக் கதையை மேடையேற்றுகிறோம் என்று யார் கிளம்பினாலும், முக்கால்வாசி ஒரே நிகழ்ச்சிதான் வருகிறது. வ.உ.சி. கப்பல் விட்டார், கைதானார், செக்கிழுத்தார். இதெல்லாம் உண்மை, பாட வேண்டியதும்கூட. ஆனால் அந்தக் கைதைக் கண்டித்து 1908 மார்ச்சில் இந்தப் பக்கம் எழுந்த எழுச்சியில், மில்லில் நூல் சுற்றும் கதிரை விட்டு வெளியே வந்தவர்கள், சவரக் கத்தியைக் கீழே வைத்தவர்கள், வண்டி ஓட்ட மறுத்தவர்கள், துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர்கள் எல்லாம் அந்த மேடையில் 'மக்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப் போகிறார்கள். அவர்களுடைய பக்கத்திலிருந்து இந்தக் கதையைச் சொல்ல விரும்பும் பள்ளி ஆசிரியர்கள், நூலக வாசகர் வட்டங்கள், இளைஞர் மன்றங்கள், தொழிற்சங்கக் கிளைகளுக்காக இதை எழுதுகிறேன். படிகளின் வரிசை முக்கியம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வரிசை மாறித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்: முதலில் பாட்டு எழுதிவிட்டு, அதற்குப் பிறகு ஆதாரம் தேடுகிறார்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது மூன்று மாதம் ஒதுக்குங்கள். சுதந்திர தினத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, அதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தால் பழைய கதையையே புது மெட்டில் பாடுவீர்கள்.

பத்துப் பதினைந்து பேர் போதும். அதில் கட்டாயம் ஒரு அனுபவமுள்ள வில்லுப்பாட்டுப் புலவர் வேண்டும். கோயில் கொடை விழாக்களில் பாடிய அனுபவம் உள்ளவராக இருந்தால் நல்லது. சில ஊர்களில் அவரை அண்ணாவி என்பார்கள். வீடியோ பார்த்து வில்லடிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று சிலர் முயற்சி செய்வார்கள். வில்லை அடிக்கும் வீசுகோலின் வேகத்தை வேண்டுமானால் அப்படிப் பிடிக்கலாம், ஆனால் எந்த இடத்தில் பாட்டை நிறுத்திப் பேச்சுக்கு மாறுவது, கூட்டம் கலையும்போது அதை எப்படி இழுத்துப் பிடிப்பது என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்துதான் வரும்.

அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். 'ஊருக்காகச் செய்கிறோம், நீங்களும் சேர்ந்து செய்யுங்கள்' என்று கலைஞரிடம் சொல்லிவிட்டு ஒலிபெருக்கிக்காரருக்கு மட்டும் முழுப் பணம் கொடுப்பது இன்றைக்கும் நடக்கிறது. உழைத்தவர்களை மறந்த வரலாற்றைத் திருத்தப் போகிற குழு அதே காரியத்தைச் செய்யக் கூடாது.

இன்னொருவர் பொறுமையாக ஆவணம் படிக்கக்கூடியவராக, ஆங்கிலமும் ஓரளவு தெரிந்தவராக இருக்க வேண்டும். அப்புறம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சுவரில் ஒட்ட ஒரு பெரிய தாள். அது எதற்கு என்று மூன்றாவது படியில் சொல்கிறேன்.

2. யாருடைய கண்ணால் பார்க்கப் போகிறோம்? அதை முதலில் முடிவு செய்யுங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். 'எல்லோருடைய பார்வையும் வர வேண்டும்' என்று தொடங்கினால் கடைசியில் யாருடைய பார்வையும் வராது, தலைவருடைய பார்வைதான் வரும். ஏனென்றால் ஆவணம் அவருக்குத்தான் அதிகம் இருக்கிறது. எழுத எழுதப் பேனா அந்தப் பக்கமே போகும்.

ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு பேருடைய கண் போதும். 1908-இல் எடுத்துக்கொள்ளக்கூடியவை:

கோரல் மில் தொழிலாளி. ஹார்வி கம்பெனி நடத்திய தூத்துக்குடி மில் அது. பெண்களும் சிறுவர்களும்கூட அங்கே வேலை பார்த்தார்கள்.

சவரத் தொழிலாளி. வேலைநிறுத்தத்துக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்குப் பாதிச் சவரத்தில் கத்தியை வைத்துவிட்டுப் போனவரின் கதை இன்றும் அந்தப் பக்கம் சொல்லப்படுகிறது. ஒரு முழுக் காட்சிக்கு அதுவே தாங்கும்.

வண்டிக்காரர், இறைச்சிக் கடைக்காரர், துப்புரவுத் தொழிலாளி. தலைவர்கள் கைதானதும் இவர்களும் வேலையை நிறுத்தினார்கள்.

திருநெல்வேலியில் சுடப்பட்ட நான்கு பேர். கோயில் பூசாரி ஒருவர், முஸ்லிம் ஒருவர், தலித் ஒருவர், ரொட்டிக்கடையில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர். அந்த நால்வரின் பட்டியலே அன்றைக்குத் தெருவில் யாரெல்லாம் நின்றார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கான காரணத்தைக் குழுவில் எல்லோரும் சொல்ல முடிய வேண்டும். உங்கள் குழுவில் முடிதிருத்தும் தொழில் செய்யும் குடும்பத்திலிருந்து ஒருவர் இருந்தால் அந்தக் காட்சிக்கு அவர் பேச்சுதான் முதல் பேச்சு. அவரைக் கேட்காமல் அதை நகைச்சுவைக் காட்சியாக எழுதிவிடாதீர்கள். அரைச் சவர முகத்தோடு வக்கீல் ஓடுவதற்குக் கூட்டம் சிரிக்கும், சிரிக்கட்டும். ஆனால் கத்தியைக் கீழே வைத்தவர் அன்றைய வரும்படியை இழந்தார், அந்த வீட்டு வாசலை இனி மிதிக்க முடியுமா என்பதும் அவருக்குத் தெரியாது. அந்தக் கணக்கும் காட்சியில் இருக்க வேண்டும்.

3. தேதி வரிசையைச் சுவரில் ஒட்டுங்கள்

பெரிய தாளில் நடுவே ஒரு கோடு போட்டு, மேலே உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்.

1908 பிப்ரவரி 27: கோரல் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 9: வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட, தடையை மீறித் தாமிரபரணிக் கரையில் தைப்பூச மண்டபத்தில் கூட்டம். மார்ச் 12: வ.உ.சி., சுப்பிரமணிய சிவா, பத்மநாப அய்யங்கார் கைது. மார்ச் 13: திருநெல்வேலியில் கடையடைப்பு, நகராட்சி அலுவலகம், அஞ்சலகம், காவல் நிலையம் ஆகியவை தாக்கப்பட்டன, நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது, துப்பாக்கிச் சூடு. கைதைக் கண்டித்துக் கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். பிறகு தண்டக் காவல் படை (ஊரையே தண்டிக்க நிறுத்திய கூடுதல் போலீஸ்) வந்தது, அதன் செலவை ஊர்க்காரர்கள் தலையிலேயே வரியாகக் கட்டினார்கள். ஜூலை 7: வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனைத் தீர்ப்பு.

கோட்டுக்குக் கீழே, ஒவ்வொரு தேதிக்கும் நேராக, நீங்கள் தேர்ந்தெடுத்த ஆள் அன்று எங்கே இருந்திருப்பார் என்று கேள்வியாக மட்டும் எழுதுங்கள். பதில் எழுதாதீர்கள். மார்ச் 6-ஆம் தேதி வாக்கில் மில் பெண் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்துவிட்டது. ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், கூலிக்காக இல்லாமல் ஒரு கைதுக்காக மறுபடி வேலையை விடுகிறாள். ஏன்? வீட்டில் என்ன சொன்னார்கள்? இந்த இரண்டு வேலைநிறுத்தங்களுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சில நாட்கள்தான், என்னைக் கேட்டால், இந்தக் கதையின் உயிரான இடம். தலைவரைப் பின்தொடரும் நிகழ்ச்சியில் அது ஒரு வரியில் முடிந்துவிடும்.

தாளைச் சுவரில் ஒட்டச் சொல்வதற்குக் காரணம், ஒத்திகை சூடு பிடித்ததும் தேதிகள் குழம்பும். 1911-இல் நடந்த கலெக்டர் ஆஷ் கொலையை மார்ச் 13-க்கு மறுநாள் நடந்ததைப் போலப் பாடிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

4. ஆவணத்தைப் படிக்கும் முறை

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அன்றைய அரசாணைகள் உண்டு. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பத்திரிகைகளும் அச்சு நூல்களும் கிடைக்கும். சென்னைக்கு எல்லோரும் போக வேண்டியதில்லை, ஒருவர் போய்க் குறிப்பெடுத்து வந்தால் போதும். போகும் முன் கடிதம், அடையாள அட்டை விவரங்களைக் கேட்டுக்கொண்டு போகட்டும். வ.உ.சி. தன் வாழ்க்கையைத் தானே செய்யுளாக எழுதி வைத்திருக்கிறார், அதையும் படித்துவிடுங்கள். ஆனால் அது அவருடைய கண் என்பது நினைவில் இருக்கட்டும்.

போலீஸ், கலெக்டர் அறிக்கைகளைப் படிக்கும்போது இரண்டு நிறப் பேனா வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி கண்ணால் பார்த்து எழுதியது ஒரு நிறம், அவருடைய அபிப்பிராயம் இன்னொரு நிறம். 'போக்கிரிகள் கூடினார்கள்' என்ற மாதிரி ஒரு வரி இருந்தால், கூடினார்கள் என்பது செய்தி, போக்கிரிகள் என்பது அவர் கருத்து. இதைச் செய்யாமல் அறிக்கையை அப்படியே தமிழாக்கிப் பாட்டில் போட்டால், சுட்டவர் சொன்னதைச் சுடப்பட்டவர் வாயில் திணித்த மாதிரி ஆகிவிடும்.

கைதானவர்கள், தண்டிக்கப்பட்டவர்கள் பட்டியல் கண்ணில் பட்டால் விடாதீர்கள். பெயர், தொழில், தெரு என்று ஒற்றை வரிதான் இருக்கும். சாதாரண ஆட்கள் அரசு எழுத்தில் தனித்தனி மனிதராகத் தெரிவது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான். அதில் வரும் பெயர்களின் வாரிசுகள் இன்னும் ஊரில் இருக்கலாம் என்பதால், மேடையில் சொல்லும் முன் விசாரித்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. பெரியவர்களிடம் எதைக் கேட்பது

1908-ஐப் பார்த்தவர் யாரும் இப்போது இல்லை. அதனால் 'வ.உ.சி.யைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்' என்று கேட்டால், பாடப் புத்தகத்தில் படித்ததைத்தான் திருப்பிச் சொல்வார்கள், பாவம், அவர்களையும் சங்கடப்படுத்துகிறோம். வேலையைப் பற்றிக் கேளுங்கள். உடம்பைப் பற்றிக் கேளுங்கள். 'ஆச்சி, மில்லுக்குப் போன காலத்தில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க? பிள்ளையை யாரிடம் விட்டுட்டுப் போவீங்க? பஞ்சுத் தூசி தலையில் படியாமல் இருக்க என்ன கட்டுவீங்க? நூல் அறுந்தால் எப்படி முடிச்சுப் போடுவீங்க?'

கடைசிக் கேள்விக்கு யாரும் வாயால் பதில் சொல்வதில்லை. கை தானாக எழும்பும், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் இல்லாத நூலை உருட்டிக் காட்டும். அந்தக் கையசைவைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் சம்மதித்தால். மேடையில் ஒரு பக்கப்பாட்டுக்காரர் அதைச் செய்தாலே போதும், மில் வேலை பார்த்த வீட்டுப் பெண்கள் கூட்டத்தில் இருந்தால் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள்.

இவர்கள் சொல்வது பிற்கால மில் அனுபவம் என்பதை மறக்க வேண்டாம். அது 1908-க்குச் சாட்சியம் ஆகாது. ஆனால் அந்த வேலை உடம்பை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார். குறிப்பேட்டில் இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

6. வில்லுப்பாட்டின் அமைப்பைக் கதைக்குப் பொருத்துதல்

இந்த மண்ணில் வில்லுப்பாட்டு பல காலமாகச் செய்துவரும் வேலையே, அநியாயமாகச் செத்தவர்களின் கதையை அவர்கள் பெயர் சொல்லிப் பாடுவதுதான். கொலையுண்டவர்கள் சாமியாகி, கொடையில் அவர்கள் கதை பாடப்படும். அதனால் துப்பாக்கிச் சூட்டில் விழுந்த நால்வரின் கதைக்கு வேறு கலை தேடி அலைய வேண்டாம்.

அமைப்பை மாற்றாதீர்கள், ஒவ்வொரு பகுதிக்கும் வேலை கொடுங்கள்.

காப்பும் (கடவுள் வணக்கம்) குருவடியும் (குரு வணக்கம்) புலவருடைய வழக்கப்படியே இருக்கட்டும். வருபொருள் உரைத்தலில் இன்று பாடப்போவது யாருடைய கதை, எது ஏட்டில் உள்ளது, எது நாங்கள் நினைத்துப் பார்த்தது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அவையடக்கம் அப்படியே. நாட்டு வளம் பாடும்போது 'முத்து விளையும் துறைமுகம்' என்று பொதுவாகப் பாடி நகராமல், முத்துக் குளித்தவர், உப்பளத்தில் வாரியவர், பனையேறியவர், மூட்டை சுமந்தவர் என்று வேலை செய்த கைகளை வரிசையாகப் பாடுங்கள். அதற்குப் பிறகு மில் வாசலுக்கு வந்தால் கதை தானாக அங்கே வந்து நிற்கும். கடைசி வாழ்த்தில் தலைவர்களோடு இவர்களையும் சேர்த்துப் பாடுங்கள்.

புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, வில்லையும் குடத்தையும் அலங்காரத்துக்கு வைத்துவிட்டு முழுக்கச் சினிமா மெட்டில் பாடுவது. அப்படியானால் வில் எதற்கு? ஒரு இடத்தில் ஒரு மெட்டு வந்தால் பரவாயில்லை, அண்ணாவியே சில நேரம் போடுவார். ஆனால் கதையை நகர்த்துவது வீசுகோலும் குடத்தின் வாயில் விழும் பத்தி என்ற மட்டையும் உடுக்கையும்தான்.

7. எழுதுவது: 'ஆமா' போடுகிறவரைக் கேள்வி கேட்க விடுங்கள்

தெரிந்ததையும் கற்பனையையும் பார்ப்பவர்களுக்குப் பிரித்துக் காட்டுவது எப்படி என்று குழுக்கள் திணறும். நோட்டீஸ் அடித்துக் கொடுப்பார்கள், யாரும் படிக்க மாட்டார்கள். வில்லுப்பாட்டில் இதற்கு ஏற்கெனவே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார்: பக்கத்தில் இருந்து ஆமா போடுகிறவர். புலவர் சொல்வதை ஆமோதிப்பது மட்டும் அவர் வேலை இல்லை, கூட்டத்தின் சந்தேகத்தைக் கேட்பதும் அவர்தான். இப்படி:

புலவர்: கோரல் மில்லு வாசலிலே கூட்டங்கூடி நிக்குதம்மா...
பக்கம்: ஆமா, கூட்டங்கூடி நிக்குது!
புலவர்: கூலி ஏறும் நாள்வரைக்கும் கதிரத் தொட மாட்டோமின்னு...
பக்கம்: ஆமா, தொட மாட்டோம்! ஏன் அண்ணாச்சி, அத்தன நாளும் வீட்டுல அடுப்பு எரிஞ்சுதா?
புலவர்: ஊருல பணம் தெரட்டிக் குடுத்தாங்கன்னு எழுதியிருக்கு.
பக்கம்: அது சரி. அடுப்படியில நின்ன அம்மா என்ன சொன்னா?
புலவர்: அத யாரும் எழுதி வைக்கலியே தம்பி.
பக்கம்: அப்போ விட்டுருவோமா?
புலவர்: விடுவோமா! நம்ம ஊரு ஆச்சிமாரு உக்காந்து நெனச்சுப் பாத்தத இப்ப பாடுதோம், கேளு.

இந்தக் கடைசி வரிக்குப் பிறகு வருவது கற்பனை என்று குழந்தைக்கும் புரிந்துவிடும், பாட்டும் நிற்காது. இந்த முறையைப் பிடித்துக்கொண்டால் மற்ற காட்சிகள் எழுதுவது சுலபம்.

கற்பனைப் பகுதியைக் குழுவாக எழுதுங்கள். முதலில் எல்லோரும் வாய்ப்பேச்சில் நடித்துப் பார்க்கட்டும், ஒருவர் குறித்துக்கொள்ளட்டும், அதற்குப் பிறகு புலவர் பாட்டாக்கட்டும். மேசையில் உட்கார்ந்து ஒருவர் எழுதினால் 1908-ஆம் வருட மில் தொழிலாளி 'ஏகாதிபத்தியச் சுரண்டல்' என்று பேச ஆரம்பித்துவிடுவார். அதேபோல, அவரைக் குறையே இல்லாத வீரராகவும் ஆக்கிவிடாதீர்கள். பயந்தவர் இருந்திருப்பார், கடன்காரனுக்குப் பயந்து வேலைக்குத் திரும்ப நினைத்தவர் இருந்திருப்பார். தண்டக் காவல் வரி வந்தபோது 'இந்தத் தலைவர்களால்தானே நமக்கு இந்தக் கஷ்டம்' என்று முனகிய வீடும் இருந்திருக்கலாம். அதையும் கற்பனை என்று சொல்லியே பாடலாம். அந்த முனகல் கேட்டால்தான், அதையும் மீறித் தெருவுக்கு வந்தவரின் துணிவு பார்ப்பவர்களுக்கு உறைக்கும்.

8. ஒத்திகை

முதல் ஒத்திகையைச் சுவரில் ஒட்டிய தாளுக்கு முன்னால் வையுங்கள். ஆவணம் படித்தவர் கையில் பாட்டின் பிரதி இருக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'ஏடு', 'நினைவு', 'கற்பனை' என்று மூன்றில் ஒன்றை எழுத முடிய வேண்டும். எதுவும் எழுத முடியாத வரி நின்றால், அது எங்கோ கேட்ட மேடைப்பேச்சிலிருந்து வந்து ஒட்டியது. எடுத்துவிடுங்கள்.

இரண்டாவதை மில் குடும்பத்துப் பெரியவர்கள் முன் செய்யுங்கள், மேடை இல்லாமல், அவர்கள் வீட்டுத் திண்ணையிலோ சங்க அலுவலகத்திலோ. அவர்கள் முகம் சுளிக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு பிறகு கேளுங்கள். பொது நிகழ்ச்சிக்குப் பிறகு கேட்டால் மரியாதைக்காக நன்றாக இருந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

பெண் பாத்திரத்துக்குப் பெண்ணே பாடட்டும். தலைமைப் புலவராகப் பல ஆண்டுகள் வில்லடித்த பூங்கனி அம்மாள் மாதிரி கலைஞர்கள் இருந்த மண் இது, ஆள் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு முன் நன்றாகத் தேடிப் பாருங்கள்.

நேரம் ஒன்றேகால் மணிக்கு மேல் போனால் குறையுங்கள். பெரும்பாலும் குறைக்க வேண்டியது தலைவர் புகழ் பாடும் பகுதிதான், அதற்குத்தான் குழுவில் சண்டை வரும். வரட்டும்.

9. இடமும் அரங்கேற்றமும்

கோயில் முன்னால் போட்டால் வில்லுப்பாட்டுக்கு இயல்பாகவே கூட்டம் வரும். ஆனால் அந்தக் கோயில் ஒரு சாதியாருக்கு உரியதாக இருந்தால், மற்றவர்கள் ஓரமாகத்தான் நிற்பார்கள், சிலர் வரவே மாட்டார்கள். சுடப்பட்ட நால்வரின் வீட்டாரும் ஒன்றாக உட்கார முடிகிற இடமா என்று கேட்டுப் பாருங்கள். பள்ளி மைதானம், நூலக வாசல், மில் குடியிருப்புத் தெருமுனை போன்றவை சரியாக வரும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதியை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள், கதைச் சுருக்கம் கேட்டால் ஒரு பக்கத்தில் கொடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரமாக வையுங்கள். ஞாயிறு சாயங்காலம் நல்லது. அந்த ஞாயிறு விடுமுறையே கேட்டு வாங்கியதுதான் என்று புலவர் ஒரு வரி போட்டால் கூட்டம் கைதட்டும்.

முன்வரிசை நாற்காலிகளைப் பிரமுகர்களுக்கு ஒதுக்காதீர்கள். பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் தொடக்கத்தில் வந்தால் அரை மணி நேரம் போய்விடும், குழந்தைகள் தூங்கிவிடும். கட்டாயம் வேண்டுமென்றால் கடைசியில்.

10. முடிந்த பிறகு

பாடி முடித்ததும் வில்லை உடனே பிரிக்காதீர்கள். ஒலிவாங்கியைக் கூட்டத்துக்குள் கொடுத்து, 'எங்கள் வீட்டிலும் ஒரு கதை உண்டு' என்று சொல்ல விரும்புகிறவர்களைப் பேச விடுங்கள். வருகிற கதைகளை அன்றைக்கே உண்மை என்று அறிவித்துவிட வேண்டாம், பெயர், தெரு, யார் சொல்லிக் கேட்டது என்று குறித்துக்கொண்டு நான்காவது படிக்குத் திரும்புங்கள். பழைய ரசீது, புகைப்படம், சம்பளச் சீட்டு என்று யாராவது எடுத்து வந்தால் அங்கேயே படம் பிடித்துவிட்டு மூலத்தை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். 'பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்' என்று வாங்கிப் போய்த் தொலைத்தவர்களால்தான் இந்த வீடுகளில் பலர் எதையும் வெளியே காட்டுவதில்லை.

ஒளிப்பதிவின் ஒரு பிரதியைப் பேசிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் கொடுங்கள், ஒன்றை மாவட்ட மைய நூலகத்தில் வையுங்கள். கூடவே 'ஏடு', 'நினைவு', 'கற்பனை' என்று குறித்த பாட்டுப் பிரதியும் போகட்டும். அடுத்து பாட வருகிற குழு நீங்கள் நினைத்துப் பார்த்ததை நடந்ததென்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க அது வேண்டும்.